ஒரே வாசல், பின்னால் ஆறு ஏடுகள்: நிறுவனப் போர்ட்டல் என்றால் என்ன?

"ஐயா, போன மாசம் பன்னெண்டாந் திகதி மலைக்குப் போனேன். சம்பளத்துல அந்த நாளைக் காணோமே?"

தோட்ட ஆபீஸ் ஜன்னலில் இப்படி ஒரு கேள்வி வந்தால், பதில் சொல்ல கிளாக்கர் எத்தனை இடத்தைத் துழாவ வேண்டும்? அன்று காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் எடுத்த ஏடு ஒன்று. கொழுந்து நிறுத்த தராசின் பதிவு ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சம்பளம் போடும் செக்ரோல் மென்பொருள் ஒன்று. முற்பணமும் கடன் கழிவும் வேறோர் இடத்தில், சேமலாப நிதிக் கணக்கு இன்னோர் இடத்தில். தொழிற்சாலைக்குத் தனிக் கணக்கு. இதில் பாதி தோட்டத்துக் கணினியில் இருக்கும், மீதி கொழும்புத் தலைமை அலுவலகத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்ட் உண்டு. அவையெல்லாம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

இந்தத் தொல்லைக்கு மருந்து என்று சொல்லி விற்கப்படுவதுதான் எண்டர்பிரைஸ் போர்ட்டல், அதாவது நிறுவன வலைப் போர்ட்டல். ஒரு முறை உள்ளே நுழைந்தால் போதும், வேலைக்கு வேண்டியதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும் என்பார்கள். அது எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது, இப்போது எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கணினித் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், ஆபீசில் இதோடு மல்லுக்கட்டப் போகிறவர்களுக்கும் சொல்லிப் பார்க்கிறேன். உதாரணத்துக்குத் தலவாக்கலைப் பக்கம் சில தோட்டங்களை நடத்தும் ஒரு கற்பனைக் கம்பனியை வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பத்து மென்பொருளுக்கான இணைப்புகளை ஒரு பக்கத்தில் வரிசையாக அடுக்கி, மேலே கம்பனி இலச்சினையைப் போட்டுவிட்டு அதைப் போர்ட்டல் என்பவர்கள் உண்டு. அது வெறும் பட்டியல். உண்மையான போர்ட்டல் மூன்று வேலை செய்யும். வந்தவர் யார் என்று அறியும். பின்னால் இருக்கும் பல மென்பொருள்களிலிருந்து தகவலை எடுத்து ஒன்றுசேர்க்கும். அப்புறம், வந்தவரின் பொறுப்புக்கு ஏற்றதை மட்டும் காட்டும். தோட்டத் துரை நுழைந்தால் அவருடைய தோட்டத்தின் நேற்றைய கொழுந்துக் கணக்கு தெரியும். டீமேக்கர் நுழைந்தால் தொழிற்சாலை விளைச்சல் தெரியும். தொழிலாளி தன் போனில் நுழைந்தால் அவருடைய சம்பளச் சிட்டை மட்டும் தெரியும். வாசல் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு பக்கம் திறக்கிறது.

இந்தச் சிந்தனை 1990களில் பிறந்தது. 1996இல் யாஹூ 'மை யாஹூ' என்ற வசதியைக் கொண்டுவந்தது. செய்தி, வானிலை, பங்கு விலை என்று வேண்டியதைத் தெரிவுசெய்து சொந்தமாக ஒரு பக்கம் அமைத்துக்கொள்ளலாம். வெளி உலகத்துக்கு இது முடியுமென்றால் கம்பனிக்குள் ஏன் முடியாது என்ற கேள்வி எழுந்தது. 1998 நவம்பரில் மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் ஷிலேக்ஸ், ஜூலி டைல்மன் இருவரும் எழுதிய ஓர் அறிக்கை இந்தச் சந்தைக்கு 'எண்டர்பிரைஸ் இன்ஃபர்மேஷன் போர்ட்டல்' என்று பெயர் சூட்டியது. அதன்பிறகு ஒரு பெரிய ஓட்டம்தான். பிளம்ட்ரீ என்ற மென்பொருள் கம்பனி முன்பே களத்தில் இருந்தது. ஐ.பி.எம். 'வெப்ஸ்பியர் போர்ட்டல்' விற்றது. மைக்ரோசொஃப்ட் 2001இல் 'ஷேர்பொயிண்ட் போர்ட்டல் சேர்வர்' வெளியிட்டது. எஸ்.ஏ.பி. அதே ஆண்டில் டொப்டியர் நிறுவனத்தை வாங்கிக் களத்தில் இறங்கியது. நிரலை யாரும் எடுத்துப் பார்க்கவும் மாற்றவும் விடுகிற திறந்த மூலப் பக்கத்தில் லைஃப்ரே 2000இல் தொடங்கியது.

அந்தக் காலத்துப் போர்ட்டலின் உயிர் 'போர்ட்லெட்'. ஒரு பக்கத்தைப் பல பெட்டிகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு குட்டி நிரல். விடுமுறை விண்ணப்பம் ஒன்று, சம்பளச் சிட்டை ஒன்று, அறிவித்தல் ஒன்று. சேர்வர் எல்லாவற்றையும் கோத்து ஒரே பக்கமாக அனுப்பும். ஒரு கம்பனியின் போர்ட்டலுக்கு எழுதிய போர்ட்லெட் வேறு கம்பனியின் போர்ட்டலிலும் ஓட வேண்டும் என்பதற்காக ஜாவா உலகில் 2003இல் ஜே.எஸ்.ஆர். 168 என்ற தரமும், 2008இல் அதன் அடுத்த பதிப்பான ஜே.எஸ்.ஆர். 286உம் வந்தன. நல்ல நோக்கம்தான். நடைமுறையில் அந்தந்த விற்பனையாளரின் தனி வசதிகளைப் பயன்படுத்தாமல் யாரும் பெரிய போர்ட்டல் கட்டவில்லை. ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது வீட்டை இடித்துக் கட்டுகிற வேலையாகவே இருந்தது. கைபேசி வந்ததும் நிலைமை இன்னும் மோசம். அகலத் திரைக்காக மூன்று வரிசையில் அடுக்கிய பெட்டிகள் நாலு அங்குலத் திரையில் எப்படி நிற்கும்?

சந்தையும் சுருங்கியது. பிளம்ட்ரீயை பீ.ஈ.ஏ. என்ற இன்னொரு மென்பொருள் கம்பனி 2005இல் வாங்கியது; பீ.ஈ.ஏ.வை ஒராக்கிள் 2008இல் வாங்கியது. ஐ.பி.எம். தன் போர்ட்டலை 2019இல் இந்தியாவின் எச்.சி.எல். நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது. இந்த வரலாற்றை வெறும் பெயர் அடுக்காக எண்ண வேண்டாம். நாளைக்கு உங்கள் கம்பனி ஒரு போர்ட்டல் மென்பொருள் வாங்கப் போனால், பத்து ஆண்டுக்குப் பிறகு அது யார் கையில் இருக்கும் என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

முன்பக்கம் சுலபம், பின்பக்கம்தான் வேலை

போர்ட்டலின் முகத்தைக் கட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. பின்னால் இருக்கும் மென்பொருள்களை ஒன்றோடொன்று பேச வைப்பதில்தான் பணமும் காலமும் போகும். இதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு.

ஆறு மென்பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரடியாக இணைத்தால் பதினைந்து இணைப்புகள் வேண்டும். ஏழாவதாக ஒன்று வந்தால் இருபத்தொன்று. ஒரு மென்பொருளின் பதிப்பு மாறினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆறு இணைப்பும் ஆட்டம் காணும். 2000களில் இதற்குத் தீர்வாக வந்தது 'எண்டர்பிரைஸ் சேர்விஸ் பஸ்'. எல்லோரும் நடுவில் உள்ள ஒன்றோடு மட்டும் பேசினால் போதும், மொழிபெயர்ப்பதும் வழிகாட்டுவதும் அதன் பொறுப்பு. இந்தக் கதையில் இலங்கைக்குச் சொந்தமாக ஓர் அத்தியாயம் உண்டு. சஞ்சீவ வீரவரண, போல் ஃப்ரீமான்டல் ஆகியோர் 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 கொழும்பில் இருந்துகொண்டே இந்த நடு மென்பொருளைத் திறந்த மூலமாக எழுதி உலகத்துக்கு விற்றது. 2024இல் அதை ஈ.க்யூ.டி. என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. அட்டனிலோ பண்டாரவளையிலோ ஒருங்கிணைப்பு படிக்க நினைக்கும் பிள்ளைகள் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

பஸ் முறையிலும் ஒரு கோளாறு இருந்தது. எல்லா விதியும் நடுவில் போய்க் குவிந்தது. ஒரு சின்ன மாற்றத்துக்கும் அந்த நடுக் குழுவிடம் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே காற்று வேறு பக்கம் திரும்பியது. ஒவ்வொரு மென்பொருளும் தன் வாசலைத் தானே திறந்துவைக்கட்டும், அதுதான் ஏ.பி.ஐ. "இந்த எண்ணுள்ள தொழிலாளியின் மே மாதச் சம்பளச் சிட்டையைக் கொடு" என்று வலை முகவரி வழியாகக் கேட்டால், செக்ரோல் மென்பொருள் பதில் தரும். இப்படி வலை முகவரி வழியாகக் கேட்டு வாங்கும் முறையில் இன்று பரவலாக உள்ள ரெஸ்ட் பாணிக்கு அடிப்படை ரோய் ஃபீல்டிங் 2000இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு.

ஆனால் எல்லாவற்றையும் கேட்டவுடன் பதில் வரும் என்று நம்பிக் கட்டக் கூடாது. அடைமழையில் பொகவந்தலாவைப் பக்கம் இணைப்பு அறுந்தால் கேள்வியும் போகாது, பதிலும் வராது. அதற்கு 'மெசேஜ் கியூ' என்ற வழி உண்டு. அந்தக் காலத்துத் தோட்டங்களில் தப்பால்காரர் பையை எடுத்துக்கொண்டு டவுனுக்கு நடந்து போவாரே, அதே மாதிரிதான். கடிதத்தைப் பையில் போட்டுவிட்டு ஆபீஸ் தன் வேலையைப் பார்க்கும். பாதை திறந்ததும் பை போய்ச் சேரும். தராசின் பதிவு உள்ளூரில் வரிசையில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் கொழும்புக்குப் போகும். ஒரே பதிவு இரண்டு முறை போய்ச் சேர்ந்தால் ஒரு முறை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுப்பார்கள். இதை மறந்துவிட்டால் ஒருவருக்கு இருபது கிலோ நாற்பதாகிவிடும். அவர் புகார் சொல்ல மாட்டார், கணக்காளர் சொல்வார்.

இந்த ஆள் அந்த ஆள்தானா?

இனி வருவது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற பகுதி. மென்பொருள் விற்பவர்கள் இதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

இரண்டு மென்பொருளை இணைக்க வேண்டுமானால், இங்கே உள்ள மாரியாயியும் அங்கே உள்ள மாரியாயியும் ஒருவர்தான் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். மலையகத்தில் இது லேசான காரியமில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. ஒன்றில் மாரியாயி, ஒன்றில் மாரியாய், ஆங்கில எழுத்தில் பதிந்தவர் போட்ட எழுத்துக்கூட்டலோ வேறு. ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், ஒன்றில் பின்னால். சேமலாப நிதி எடுக்கப் போகும்போது பெயர் பொருந்தவில்லை என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு அலைந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த லயத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அதே கோளாறுதான் போர்ட்டலிலும் வரும், வேகமாக வரும்.

பெயரை நம்பாமல் அடையாள அட்டை எண்ணை வைத்துப் பொருத்தலாமே என்றால், அதிலும் ஒரு முடிச்சு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். 2016 முதல் வரும் அட்டையில் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆளுடைய எண் ஒரு மென்பொருளில் பழைய வடிவிலும் இன்னொன்றில் புதிய வடிவிலும் இருக்கலாம். நல்ல வேளையாக இதற்கு விதி உண்டு. பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். முன்னால் 19 சேர்த்து, நாள் இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு 0 நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய வடிவம் கிடைக்கும். எல்லாப் பதிவையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். தரவைச் சுத்தம் செய்வது என்று புத்தகங்களில் சொல்வது இந்த மாதிரி வேலையைத்தான்.

பழைய தமிழ்ப் பதிவுகளில் இன்னொரு வம்பு. பல ஆபீசுகளில் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறைக்கு மாற்றாமல் போர்ட்டலில் ஏற்றினால் தேடலில் ஒரு பெயரும் அகப்படாது.

ஆள் சரியாகிவிட்டால் அடுத்தது எண்கள். மலையில் நிறுத்த கொழுந்தின் எடையும் தொழிற்சாலையில் நிறுத்த எடையும் ஒத்துப்போவதில்லை. ஈரத்துக்கும் பைக்கும் கழிப்பது ஒரு காரணம், வழியில் வாடுவது இன்னொன்று. தொழிலாளிக்குக் கூலி மலையில் நிறுத்த எடையை வைத்து. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து என்ற விளைச்சல் கணக்கு தொழிற்சாலையில் வாங்கிய எடையை வைத்து. அதனதன் வேலைக்கு இரண்டும் சரி. போர்ட்டலில் இரண்டையும் 'கொழுந்து' என்ற ஒரே தலைப்பில் காட்டினால்தான் சண்டை. தொழில்நுட்பம் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. எந்த எண்ணுக்கு எது வீடு, அதை மாற்றும் உரிமை யாருக்கு என்று ஆட்கள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

ஒரே விதியைப் பல இடத்தில் எழுதிவைப்பதும் இதே ரகம். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது. அந்த எண்ணைத் தொட்டால் சேமலாப நிதிக்குத் தொழிலாளி கட்டும் 8 சதவீதம், கம்பனி கட்டும் 12 சதவீதம், நம்பிக்கை நிதியத்தின் 3 சதவீதம் எல்லாம் மாறும். சம்பள மென்பொருளில் ஒரு தடவை, தலைமை அலுவலக எக்செல் கோப்பில் ஒரு தடவை, போர்ட்டலின் கணிப்பானில் ஒரு தடவை என்று அதைத் தனித்தனியாக எழுதிவைத்திருந்தால் ஏதாவது ஒன்றில் பழைய எண் தங்கிவிடும். போர்ட்டல் எதையும் தானாகக் கணக்கிடக் கூடாது, கணக்கிட்ட இடத்தில் கேட்டுக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

ஒரே சாவி

ஒரு முறை நுழைந்தால் எல்லாம் திறப்பதற்குப் பெயர் 'சிங்கிள் சைன் ஒன்'. இதை முதன்முதலில் கேட்பவர்கள், எல்லா மென்பொருளிலும் ஒரே பாஸ்வேர்டை வைத்துக்கொள்வதுதான் இது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. பாஸ்வேர்டை ஒரே ஒரு அடையாளச் சேர்வர் மட்டும் பார்க்கும். ஆளைச் சரிபார்த்ததும் அது கையொப்பமிட்ட ஒரு டிஜிட்டல் சீட்டைக் கொடுக்கும்: இவர் இன்னார், இந்த நேரம் வரை செல்லும். மற்ற மென்பொருள்கள் அந்தச் சீட்டின் கையொப்பத்தை மட்டும் சோதிக்கும், பாஸ்வேர்டைக் கேட்காது. நிறுவனங்களுக்குள் இதற்கு 2005இல் வந்த எஸ்.ஏ.எம்.எல். 2.0 தரம் இன்னமும் ஓடுகிறது. கைபேசிச் செயலிகள் பெருகியபின் 2012இன் ஓஓத் 2.0, 2014இன் ஓப்பன் ஐடி கனெக்ட் இரண்டும் முன்னுக்கு வந்தன. இதன் பெரிய பயன் வசதியைவிடப் பாதுகாப்புதான். வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை ஓரிடத்தில் மூடினால், அதன்பின் எந்த வாசலிலும் அவர் புதிதாக நுழைய முடியாது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அந்தத் தாளால் இது ஆகாது.

இப்போது எங்கே போகிறது?

பெரிய போர்ட்டல் பெட்டி ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதற்குள் அடைக்கும் காலம் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. தொழில்நுட்பச் சந்தையை ஆராய்ந்து தரப்படுத்தும் கார்ட்னர் நிறுவனம் 2018இல் போர்ட்டல் என்ற வகையை விட்டுவிட்டு 'டிஜிட்டல் எக்ஸ்பீரியன்ஸ் பிளாட்ஃபோர்ம்' என்று தரப்படுத்தத் தொடங்கியது. பெயர் மாற்றத்தில் பாதி விற்பனைத் தந்திரம் என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதியில் உண்மை உண்டு. உள்ளடக்கம் ஒரு பக்கம், திரை ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. பின்னால் இருக்கும் அதே ஏ.பி.ஐ.யை வலைப்பக்கமும் கேட்கும், கைபேசிச் செயலியும் கேட்கும், குறுஞ்செய்தி அனுப்பும் நிரலும் கேட்கும். சாதாரண போன் வைத்திருக்கும் தொழிலாளிக்கு மாதக் கடைசியில் "22 நாள், கழிவு இவ்வளவு" என்று ஒரு எஸ்.எம்.எஸ். போனால், அவரளவில் அதுதான் போர்ட்டல்.

முன்பக்கத்தையும் துண்டுபோட்டுக் கட்டுகிறார்கள். 2016 அளவில் 'மைக்ரோ ஃப்ரொண்ட்எண்ட்' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. ஒரே பக்கத்தில் சம்பளப் பகுதியை ஒரு குழுவும் விடுமுறைப் பகுதியை இன்னொரு குழுவும் தனித்தனியாக எழுதி, தனித்தனியாக வெளியிடும். போர்ட்லெட் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்டால் நான் மறுக்க மாட்டேன். முன்பு சேர்வரில் கோத்தார்கள், இப்போது பெரும்பாலும் பிரௌசரில் கோக்கிறார்கள். மூன்று பேர் கொண்ட கணினிப் பிரிவுக்கு இது தேவையே இல்லை.

வெளியுலகமும் திரைக்கு வந்துவிட்டது. 1883 முதல் நடக்கும் கொழும்புத் தேயிலை ஏலம் கொவிட் முடக்கத்தின்போது, 2020 ஏப்ரலில், இணையவழிக்கு மாறியது. எந்த இன்வொய்ஸ், அதாவது ஏலத்துக்கு அனுப்பிய எந்தத் தேயிலைத் தொகுதி, என்ன விலைக்குப் போனது என்பதை விளைச்சல் கணக்கோடு இணைத்துக் காட்டுவது இன்று எட்டாத ஆசை இல்லை.

புதிதாகப் பேசப்படுவது செயற்கை நுண்ணறிவு. பெட்டிகளைத் தேடாமல் தமிழிலேயே கேள்வியைத் தட்டினால் பதில் வரும் என்கிறார்கள். வரும். ஆனால் கேட்பவர் பார்க்கக் கூடிய தகவலை மட்டும் வைத்துப் பதில் சொல்கிறதா என்பதுதான் சோதனை. ஒருவர் பக்கத்து லயத்துக்காரரின் கடன் கழிவைக் கேட்டால் அது வாயைத் திறக்கக் கூடாது. இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எல்லா ஏட்டையும் ஒரே வாசலுக்குப் பின்னால் கொண்டுவருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கற்பனைக் கம்பனியின் துரை என்னிடம் கேட்டால், முதல் ஆண்டில் போர்ட்டல் வாங்க வேண்டாம் என்பேன். ஆபீஸ் ஜன்னலில் அதிகம் கேட்கப்படும் கேள்வி எதுவென்று ஒரு மாதம் எழுதிவையுங்கள். அநேகமாக அது சம்பளத்தில் விடுபட்ட நாள் பற்றியதாக இருக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் காட்டும் பக்கம் ஒன்றைக் கட்டுங்கள். பார்க்க மட்டும், திருத்த முடியாது. அந்த ஒரு பக்கத்துக்கே ஆள் பொருத்தம், எண் பொருத்தம், சாவி மூன்றும் தேவைப்படும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு: கீக்ளோக் என்ற திறந்த மூல அடையாளச் சேர்வரை இறக்கி உங்கள் மடிக்கணினியில் நிறுவுங்கள். காசு இல்லை. இரண்டு குட்டி வலைச் செயலிகள் எழுதி, இரண்டையும் அதோடு இணையுங்கள். ஒன்றில் நுழைந்துவிட்டு மற்றதைத் திறந்து, பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒருவரின் கணக்கை முடக்கிவிட்டு, முன்பே திறந்திருக்கும் பக்கம் எவ்வளவு நேரத்துக்கு உயிரோடு இருக்கிறது என்று கவனியுங்கள்.